தளும்பாத கிளாசும் முதுகில்லாத பீரோவும்

குன்னூர் செலஸ்டின் லாரி சர்வீசில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆபீஸ் மாற்றுவதற்கும் காலி செய்வதற்கும் விலை சொல்லி, இன்று ஓய்வு பெறும் திரு. ஏகநாதன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்நோக்கம் ஏதுமின்றி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பூட்டிய பீரோவைப் புறங்கையால் தட்டியே அதன் பொய்யை வெளிக்கொணர்ந்த பெருந்தகையே! மேட்டையும் மேகத்தையும் மேனேஜர்களையும் ஒரே கண்ணால் அளந்த மேன்மையாளரே! 'சும்மாவே எடுத்துக்குங்க' என்று எவரேனும் சொன்னால் சட்டென இரண்டடி பின்வாங்கி நின்ற சான்றோரே! கொடுத்த சில்லறையை மட்டுமன்றிக் கொடுத்தவரின் முகத்தையும் திருப்பிப் பார்த்த தீர்க்கதரிசியே! நீலமலையின் நெளிவு சுளிவுகளை நெஞ்சிலே சுருட்டி வைத்த நேர்மையாளரே! வணக்கம்!

இத்துடன் அவரை நேருக்கு நேர் விளிப்பதை நிறுத்திக்கொண்டு, சபையைப் பார்த்துச் சொல்கிறோம். காரணம் உண்டு. முகத்துக்கு எதிரே யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால், 'எந்த மாடிங்க? எத்தனை பீரோங்க?' என்று அவர் கேட்டுவிடுவார். புகழ்ச்சி என்பது விலையைக் குறைக்கச் சொல்லும் வேண்டுகோளின் முதல் பாதி என்பது அவர் அனுபவம். மேடையில் அமர்ந்திருக்கும் அவர் சற்று முன்பு நாம் போட்ட மாலையைக் கழற்றி, உள்ளே கம்பி எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்த்ததை அனைவரும் கண்டோம். பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கியதையும் கண்டோம். குறையாக எண்ணிச் சொல்லவில்லை. நாற்பது சாமான் ஏற்றும் லாரியில் நாற்பத்தோராவது சாமான் எங்கிருந்து முளைக்கிறது என்பதைக் கண்டுபிடித்தே ஒரு கம்பெனியைக் காப்பாற்றிய கைகள் அவை.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் அன்பர்கள், ஆபீஸ் ஒன்றைக் காலி செய்ய விலை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்கக்கூடும். மேசை இத்தனை, நாற்காலி இத்தனை, தூரம் இவ்வளவு, ஆகவே ரூபாய் இவ்வளவு என்று சமவெளியிலே சொல்லிவிடுவார்கள். மலையிலே அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் லாரியை விற்றுவிட்டுத் தொப்பி வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். சாமான் என்ன என்பது விலையில் கால் பங்கு. அது லாரிவரைக்கும் எந்த வழியாக வரும் என்பது முக்கால் பங்கு. சாமானின் சொந்தக்காரர் சொல்லாமல் விட்டது என்ன என்பது அதற்கும் மேலே ஒரு பங்கு. கணக்கு உதைக்கிறதே என்று யாரும் நெற்றியைச் சுருக்க வேண்டாம். அப்படி உதைக்கிற கணக்கைத்தான் அவர் முப்பது ஆண்டுகள் நேராக நிறுத்திக் காட்டினார்.

'அவசரமே இல்லைங்க, மெதுவாச் செய்யலாம்' என்று ஒருவர் சொன்னால், கட்டடத்துக்காரர் நாளைக் காலையில் பூட்டோடு வரப்போகிறார் என்று ஏகநாதன் எடுத்துக்கொள்வார். 'எல்லாம் லேசான சாமானுங்க' என்றால் இன்னும் இரண்டு ஆள் சேர்ப்பார். எடுத்துப் போகச் சொல்லும் பழஞ்சாமானில் விலை போவது இருந்தால் அதைக் கூலியில் கழிப்பார். விலை போகாத குப்பை இருந்தால் அதைக் கொட்டுவதற்குத் தனியாகக் கூலி போடுவார். இரண்டையும் கலந்து கட்டி, 'எல்லாமே உங்களுக்குத்தானுங்க' என்று எவராவது அன்பு காட்டினால் அந்த அன்புக்கும் ஒரு தொகை போடுவார். மேனேஜரின் சொந்த நாற்காலிக்கு எப்போதும் அரைமணி நேரக் கூலி அதிகம். ஏனென்றால் எல்லாச் சாமானும் போன பிறகும் மேனேஜர் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டார். சாமி படத்துக்கும் மாதா படத்துக்கும் மட்டும் அவர் விலை போட்டதில்லை. அவற்றை எங்கும் ஆபீஸ்காரர்களேதான் மடியில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

சேரம்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசை மாற்றியபோது நடந்ததை இங்கே சொல்லாமல் விட்டால் மூக்கன் கோபித்துக்கொள்வார். மூக்கன் எங்கள் லோடுமேன்களின் தலைவர். பொய் சொல்லத் தெரியாதவர், பொய் சொன்னதாக இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. அன்றைக்கு விழுந்த மூடுபனியில் லாரி எது, வெளி எது என்று தெரியவில்லை. மூக்கனும் ஆட்களும் ஒரு தேக்கு மேசையைத் தூக்கி லாரியில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வெயில் வந்து பார்த்தால் லாரி பத்தடி தள்ளி நிற்கிறது. மேசை பனியின் மேலே இருக்கிறது. பனி விலக விலக அது நிதானமாகக் கீழே இறங்கி, நாலு காலையும் ஊன்றி நின்றது. ஒரு கீறல் இல்லை. அதன் பிறகு ஏகநாதன், 'மூடுபனி இருந்தால் தனி' என்று விலையோடு சேர்த்துச் சொல்வது வழக்கமாயிற்று. மேசையை இறக்கிக் கொடுத்ததற்காகப் பனிக்கு ஏதும் தள்ளுபடி கொடுக்கவில்லை.

இனி, அவருடைய கிளாசுக்கு வருவோம்.

விலை சொல்லப் போகும் ஆபீசில் அவர் முதலில் ஒரு டீ கேட்பார். தளும்பத் தளும்ப ஊற்றச் சொல்வார். அதைக் கையில் ஏந்தி, ஆபீசின் கடைக்கோடி மேசையிலிருந்து கிளம்பி, லாரி எங்கே நிற்கப் போகிறதோ அந்த இடம்வரைக்கும் நடப்பார். வாசல் நிலை, வளைவு, பாசி பிடித்த கல், முன்னறிவிப்பின்றிக் குரைக்கும் நாய், உயரம் மாறும் படி என எல்லாம் தங்கள் தங்கள் பங்கை அந்தக் கிளாசிலிருந்து வாங்கிக்கொள்ளும். லாரியடியில் நின்று மீதியைப் பார்ப்பார். டீ நிறைந்திருந்தால் சாதாரண விலை. பாதியானால் இரட்டை விலை. அடிமண்டி மட்டும் இருந்தால், 'வேற ஆளைப் பாருங்க' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அதையும் குடித்துவிட்டு வருவார். சாமானின் அகலத்தை டேப் சொல்லும், வழியின் குணத்தை டீதான் சொல்லும் என்பது அவர் கொள்கை. வாயால் ஒரு தடவை சொன்ன விலையை மாற்றுவதில்லை என்பது எங்கள் கம்பெனியின் கொள்கை. இந்த இரண்டு கொள்கைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது ஒரே ஒரு முறைதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரி. ஊட்டியில் மேட்டின் மேல் இருந்த ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசைக் காலி செய்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சில வாரம் முன்புதான் எங்கள் முதலாளி செலஸ்டின், திரு. தனசிங் அவர்களைச் சேர்த்திருந்தார். தனசிங் கையில் இரும்பு டேப்போடு வந்தவர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் விலை வந்துவிடும் என்று நம்புகிறவர். கிளாசைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏகநாதன் பொறுத்திருப்பார். தனசிங் முதலாளியைப் பார்த்தார்; முதலாளி ஏகநாதனைப் பார்த்தார்.

"ஏனுங்க ஏகநாதன், ஒரே ஆபீசுக்கு ரெண்டு பேரு எதுக்குங்க? ஊட்டி வேலைக்கு ரெண்டு பேருமே வெல சொல்லுங்க. யாரு சொல்றது சரியோ அவருதான் இனி வெல சொல்றது. இன்னொருத்தருக்கு மேட்டுப்பாளையம் குடோன் இருக்குது" என்றார் செலஸ்டின்.

மேட்டுப்பாளையம் குடோனில் வெயில் அதிகம் என்பதற்காக ஏகநாதன் அஞ்சவில்லை. அங்கே வரும் ஒவ்வொரு மூட்டையும் எடைமேடை ஏறி, எடை எழுதப்பட்டு, முத்திரையோடு வரும். யாரும் எதையும் மறைப்பதில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. சந்தேகப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு மனிதன் காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று அவர் மூக்கனிடம் கேட்டாராம்.

ஊட்டி ஆபீசின் மேனேஜர் ஹெர்பர்ட். பண்பானவர். அவ்வளவு பண்பு ஏன் என்பதே ஏகநாதனின் முதல் சந்தேகம். வராந்தாவில் உட்காரவைத்து, கிரிக்கெட்டைப் பற்றியும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியும், தம் மாமியாரின் முழங்காலைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். முன்னால் தளும்பத் தளும்ப ஊற்றிய டீ ஆறிக்கொண்டே இருந்தது. மரத்தடியில் காலைப் பனி இன்னும் உப்பு கொட்டியதுபோல் கிடந்தது.

"அந்தப் பெரிய மரபீரோவுல என்னங்க சார்?"

"காலி, மிஸ்டர் ஏகநாதன். சாவி எப்பவோ தொலைஞ்சு போச்சு. நான் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, நான் தொறந்ததே இல்ல. பீரோவ நீங்களே சும்மா எடுத்துக்குங்க."

ஏகநாதன் இரண்டடி பின்வாங்கினார். பிறகு கிளாசை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த ஆபீசுக்கு ஏறும் படிகளை எண்ணியவர் எவருமில்லை. எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, விட்ட இடத்தை மறந்துவிடுவார்கள். படி நடுவில் ஒரு திருப்பம். அதில் ஒரு சாய்வு. சாய்வின் மேல் பாசி. இவ்வளவையும் தாண்டி ரோட்டுக்கு வந்து பார்த்தால், கிளாஸ் நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

"நாலு ஆள், ஒரு நாள், ஒரு லோடு. சாதாரண வெலதானுங்க" என்று சொல்லிவிட்டார்.

தனசிங் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து அதைப்போல் இரட்டிப்பு சொன்னார். ஹெர்பர்ட் எதை ஏற்றுக்கொண்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில்தான் ஏகநாதனுக்குச் சுரீர் என்றது. இடது கைக் கிளாசிலிருந்த டீ அந்த ஆட்டத்துக்கும் அசையவில்லை. சுண்டுவிரலால் மேலே தொட்டார். ஆடை. சாதாரண ஆடை அல்ல. செருப்புக்கு வார் வெட்டலாம் போலிருந்தது. கிளாசைச் சாய்த்தார். வரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் டீ யோசித்துக்கொண்டிருந்தது.

ஊட்டிக் குளிரில் பால் ஆடை கட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இப்படி ஒரு ஆடையை, விலை சொல்கிற நாளில், பேச்சுக் கொடுத்தே ஆறவிட்டு, எவரோ வேண்டுமென்றே கட்டவைத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். முதலில் ஹெர்பர்ட்டைச் சந்தேகப்பட்டார். பிறகு தனசிங்கை. பிறகு, மரியாதையோடு, செலஸ்டினை. பால்காரரின் எருமையைக்கூட விடவில்லை. கடைசியில் டீ போட்டவரைத் தேடி ஆபீசின் சமையல் கட்டுக்குப் போனார். அங்கே ஜானகியம்மாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீசுக்கு டீ போட்டே தலை நரைத்தவர்.

"ஏனுங்கம்மா, இந்த டீயில என்ன போட்டீங்க? யாரு போடச் சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? ஆபீசு காலியாகுதுன்னாங்க. வாங்கின எருமைப்பாலு அத்தனையும் மிச்சம். சனமெல்லாம் போயிருச்சு. நீங்க ஒருத்தருதான் டீ வேணுமின்னு கேட்டீங்க. தண்ணியே ஊத்தாம சுண்டக் காச்சி உங்களுக்கே போட்டனுங்க. ஏனுங்க, நல்லா இல்லீங்களா?"

எருமைவரைக்கும் சந்தேகப்பட்ட மனிதருக்கு, ஒருவர் சும்மா நல்ல டீ போட்டுக் கொடுத்திருக்கக்கூடும் என்று மட்டும் தோன்றவில்லை. "நல்லாருந்துச்சுங்கம்மா" என்றார். அந்த டீயை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுநாள் காலையில் மூக்கனும் மூன்று பேரும் முதல் மேசையைத் தூக்கினார்கள். திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்தவர் பின்னால் போய், பின்னால் பிடித்தவர் உட்கார்ந்து, மேசை ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது புல்லின் மேல் பனி உருகி ஓடிவிட்டது. மேலே ஆபீஸ் முழுக்க அப்படியே இருந்தது.

"அண்ணா, இந்தப் படியில ஆடு ஏறுமுங்க. பீரோ எறங்காதுங்க" என்றார் மூக்கன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

ஹெர்பர்ட் தம் நாற்காலியில் இருந்தபடியே, "பேசினது பேசினதுதானே, மிஸ்டர் ஏகநாதன்?" என்று பண்பாகக் கேட்டார்.

"பேசினது பேசினதுதானுங்க சார்."

தனசிங் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். அவருடைய அளவு சரி. அந்தப் படி வழியாக அது இரட்டை விலை வேலைதான். அதைச் சொல்லிக் காட்டாமல் டேப்பை இழுத்து விடுவதும் சுருட்டுவதுமாக இருந்தார். அந்தச் சத்தம் ஏகநாதனுக்கு மேட்டுப்பாளையம் எடைமேடையின் சத்தமாகவே கேட்டதாம்.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், அவர் அந்தப் பெரிய பீரோவுக்குப் போனார். சும்மா கொடுக்கப்பட்ட பீரோ. காலி என்று சொல்லப்பட்ட பீரோ. இரண்டும் சேர்ந்த ஒரு பொருளை அவர் நேற்றே தட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆடையில் கவனம் போய்விட்டது. புறங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆளிருக்குது!" என்றது பீரோ.

டேப்பின் சத்தம் நின்றது. மூக்கன் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார். ஏகநாதன் மட்டும் முகம் மாறாமல் ஹெர்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"காலின்னீங்களே சார்?"

"காலிதான்... நான் அப்படித்தான் நெனச்சேன்..." என்று ஹெர்பர்ட் முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. உட்புறம் தாழ்ப்பாள் வைத்த பீரோ உலகத்தில் அது ஒன்றுதான். கதவு திறந்தது. குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக ஒருவர் இறங்கி, குல்லாவைக் கழற்றி, "குட்மார்னிங் சார். டூட்டில இருக்கேனுங்க" என்றார். அந்த ஆபீசின் ராத்திரி வாட்ச்மேன் சில்வஸ்டர் அவர்.

"பீரோக்குள்ளயா தூங்கறே?" என்று ஹெர்பர்ட் கத்தினார்.

"குளிருங்க சார். மரத்துக்குள்ள கதகதன்னு இருக்குமுங்க. ராத்திரி பூரா இதுக்குள்ளயே இருந்துதான் காவல் காக்கறேனுங்க."

எல்லோரும் அதை நம்பினார்கள். ஹெர்பர்ட் கோபப்பட்டார், தனசிங் இரக்கப்பட்டார், மூக்கன் சிலுவையை வாபஸ் வாங்கினார். ஏகநாதன் குனிந்து சில்வஸ்டரின் செருப்பைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா உள்ளதான் இருந்தீங்களா, தம்பி?"

"ஆமாங்க."

"அப்பறம் செருப்புல எப்படிங்க ஈரப்புல்லு?"

சில்வஸ்டர் செருப்பைப் பார்த்தார். ஒன்றை இன்னொன்றின் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஏகநாதன் அவரை மெல்ல நகர்த்திவிட்டு, பீரோவுக்குள் தலையை நுழைத்தார். பிறகு தோளை. பிறகு ஒரு காலை. பிறகு முழுதாக மறைந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மலைக்கு மேல்புறமிருந்து அவர் குரல் கேட்டது.

"மூக்கா! லாரிய மேல்ரோட்டுக்குக் கொண்டா!"

பீரோவுக்கு முதுகில்லை. முதுகு இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் ஒரு கதவு. கணப்புக்கு விறகு கொண்டுவர எந்தக் காலத்திலோ வைத்த கதவு. வெளியே ஒரு விறகுக் கொட்டகை. கொட்டகையைத் தாண்டினால், ஆபீசின் தரை மட்டத்திலேயே மேல்ரோடு. படியும் இல்லை, திருப்பமும் இல்லை. சில்வஸ்டரின் வீடு அந்த ரோட்டுக்கு எதிர்ப்புறம். மனிதர் ஒவ்வொரு ராத்திரியும் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் பீரோ வழியாக டூட்டிக்கு வந்துகொண்டிருந்தார். அந்த வழியை மறைக்கத்தான் பழைய பீரோ ஒன்றின் முதுகைக் கழற்றி அங்கே நிறுத்தியிருந்தார். ஒரு வருடமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கித் தம் மாமியாரைப்போலவே முழங்காலைக் கெடுத்துக்கொண்ட ஹெர்பர்ட், பீரோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அந்த முழங்காலைத் தடவிக்கொண்டார்.

ஏகநாதன் ஜானகியம்மாளிடம் இன்னொரு டீ கேட்டார். "பாலு கொஞ்சமாப் போதுமுங்கம்மா" என்று அவர் சொன்னதற்கு, "இப்பக் கேட்டா பாலே இல்லீங்க" என்றார் அந்த அம்மாள். கடுந்தேநீரைத் தளும்பத் தளும்ப ஏந்தி, ஹெர்பர்ட்டின் மேசையிலிருந்து விறகுக் கொட்டகை வழியாக மேல்ரோடுவரை நடந்தார். தனசிங் அடிக்கடி கிளாசுக்குள் விரலை விட்டு ஆடை இல்லையென்று உறுதி செய்துகொண்டே கூட வந்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. நாலு ஆள், ஒரு நாள், ஒரு லோடு. மாலை வெயில் இறங்குவதற்குள் ஆபீஸ் காலி. கடைசியாக ஹெர்பர்ட்டின் நாற்காலி போயிற்று, அரைமணி தாமதமாக.

சில்வஸ்டரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஆபீசே இல்லாத இடத்தில் வாட்ச்மேனுக்கு வேலை ஏது? "அந்தப் பீரோவோட அவனையும் சேத்து எடுத்துட்டுப் போங்க! சும்மா!" என்று ஹெர்பர்ட் சொன்னார். சும்மா என்ற சொல்லைக் கேட்டும் ஏகநாதன் அன்று பின்வாங்கவில்லை. பீரோவுக்காகக் கூலியில் ஒன்றும் கழிக்காமல், சில்வஸ்டருக்குக் கூலி ஒன்றும் போடாமல், இரண்டையும் லாரியில் ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுவந்தார். இதோ நாம் கூடியிருக்கும் இந்த ஆபீசின் மூலையில் இருப்பது அதே பீரோதான். அதன் அருகில் குல்லாவோடு நிற்பவர் அதே சில்வஸ்டர்தான். அவரே இப்போது எங்கள் ராத்திரிக் காவல். கொண்டுவந்த அன்றே, தம் கையால் பலகை அடித்து, பீரோவுக்கு முதுகு வைத்தார் ஏகநாதன். இன்றுவரைக்கும் மாதம் ஒரு முறை அதைத் தட்டிப் பார்க்கிறார்.

மேட்டுப்பாளையம் குடோனுக்கு யாரும் போகவில்லை. அந்தப் படி வழிக்குத் தனசிங் சொன்ன விலை சரி என்று ஏகநாதனே முதலாளியிடம் சொன்னார். அன்றுமுதல் எங்கள் கம்பெனியில் சாமானுக்கு டேப், வழிக்கு டீ. நடப்பதற்கு முன் ஆடையை எடுத்துவிடுவது என்று ஒரு விதியும் சேர்ந்தது. ஆயினும் தனசிங் அவர்களுக்கு ஒரு சந்தேகம் இன்றுவரைக்கும் தீரவில்லை. அந்தக் கதவு இருப்பது முன்கூட்டியே தெரிந்துதான் ஏகநாதன் சாதாரண விலை சொன்னாரோ? ஆடைக் கதையெல்லாம் பிறகு சேர்த்ததோ? பல ஆண்டுகள் கழித்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது கேட்டே விட்டார்.

"அப்படித் தோணுதுங்களா?" என்றார் ஏகநாதன். ஜன்னல் பக்கம் திரும்பி, குன்னூர் வரும்வரைக்கும் சந்தோஷமாக இருந்தார்.

மலையை மாற்ற முடியாது, மனிதரை நம்ப முடியாது, ஆயினும் சொன்ன விலையை மாற்றாமல் வாழ முடியும் என்று வாழ்ந்து காட்டிய வள்ளலே! இனி ஒருமுறை, கடைசி முறையாக, தங்களையே விளிக்கிறோம். தாங்களும் தங்கள் துணைவியார் புஷ்பவல்லி அம்மாளும் நோயின்றி, நோவின்றி, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நடக்க வேண்டும். தங்கள் வீட்டுக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், தங்கள் ஊருக்கு அளவான மூடுபனியும், பேசிப் பார்த்துச் சந்தேகப்பட நாள்தோறும் நாலு புது மனிதர்களும் வாய்க்க வேண்டும். டீயில் ஆடை கட்டினாலும், டீ போட்ட கையில் களங்கமில்லை என்று அறிகிற வாய்ப்பு அடிக்கடி அமைய வேண்டும்.

தங்கள் நாற்காலி காலியாகிறது. ஆபீஸ் காலி செய்வதற்கு விலை சொல்வதுதான் நம் தொழில் என்பதால், இன்று காலை தாங்கள் வருவதற்கு முன்பே இதற்கும் விலை போட்டுப் பார்த்தோம். கடுந்தேநீர். ஆடை கிடையாது. தளும்பத் தளும்ப ஊற்றினோம். தங்கள் நாற்காலியிலிருந்து, ஜீப் நிற்கப்போகும் வாசல்வரைக்கும் தனசிங் ஏந்தி நடந்தார். வழியில் படி இல்லை, திருப்பம் இல்லை, பாசி இல்லை, நாய் இல்லை; தாங்களே பலமுறை நடந்து, சாதாரண விலை என்று சொன்ன வழிதான். வாசலில் போய்ப் பார்த்தால் கிளாஸ் காலி.

'நடுவுல யாரு குடிச்சது?' என்று தாங்கள் கேட்பீர்கள். யாரும் குடிக்கவில்லை. மூக்கன் கூடவே நடந்தார். சில்வஸ்டர் கூடவே நடந்தார். கை நடுங்கியது, அவ்வளவுதான். நம்பச் சொல்லி வற்புறுத்த மாட்டோம். தரை இன்னும் துடைக்கப்படவில்லை. போகிறபோது தாங்களே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடிமண்டிகூட மிஞ்சாத வேலை; ஆகவே விலை சொல்ல இயலாமல் நிற்கும்,

செலஸ்டின் லாரி சர்வீஸ் ஊழியர்கள்
குன்னூர், 31.1.1996